கறுப்புக் கரை போட்ட இங்கிலீஷ்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், மயிலாப்பூர்
1943 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை

அருமை மகள் லூயிசாவுக்கு,

அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அம்மாவும் இந்த மழையில் நனைந்தும் காய்ந்தும் சௌக்கியமாகவே இருக்கிறோம். நீயும் நாக்பூர்க் குளிரில் கம்பளியை அலட்சியம் பண்ணாமல் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று தினமும் செபமாலையில் சேர்த்துக்கொள்கிறோம்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். யாராவது சாந்தோமிலிருந்து உனக்கு எழுதிவிடுவதற்குள் நானே எழுதிவிடுவது மரியாதை. போன வாரம் எங்கள் அச்சுக்கூடத்துக்கு ஒரு ரிட்டயரான சப் ஜட்ஜ் வந்தார். பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தவர். பாவம், ஒரே இருமல், ஜுரக் களை. முதலாளி அம்பி ஐயர் உள்ளே போயிருந்தார். பெரிய மனுஷரைச் சும்மா நிற்க வைக்கலாமா என்று நானே போய் நாற்காலி போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். அவர் உடம்பைப் பற்றி நாலு வார்த்தை இங்கிலீஷில் விசாரிக்க ஆசைப்பட்டேன். என் வாயிலிருந்து வந்தது, 'டீப்லி ரிக்ரெட்டட் பை ஆல், சார்.'

அம்பி ஐயர் அந்த நேரம் பார்த்தா வெளியே வரவேண்டும்? "ஓய் இக்னேஷியஸ், மனுஷர் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்திருக்கார். நீர் அவருக்கே காரியப் பத்திரிகை வாசிச்சுட்டீரே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஜட்ஜ்தான் தங்கமான மனுஷர். இருமலோடு இருமலாகச் சிரித்து, "பரவாயில்லை ஐயரே, 'பை ஆல்'னு சொன்னாரே, அதுவே எனக்குத் திருப்தி. எங்காத்துல ரெண்டு பேர்கூட வருத்தப்படமாட்டா" என்றார். பத்திரிகை வேலை எங்களுக்கே கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து அச்சுக்கூடத்தில் எனக்கு ஜுரம் தலைவலி எதுவும் வரக்கூடாது என்று ஆகிவிட்டது. தும்மினால் உடனே நாலு பேர் 'டீப்லி ரிக்ரெட்டட்' என்கிறார்கள்.

நான் என்ன செய்வேன் அம்மா? நாலாம் பாரம் தாண்டாதவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் அச்சுக் கோர்க்கும் ஈய எழுத்தில் வலமிடமாகப் பார்த்துப் படித்தது. அதிலும் பாதிக்கு மேல் கறுப்புக் கரை போட்ட துக்கக் கார்டு. 'இன் லவிங் மெமரி', 'சாட் டிமைஸ்', 'பாஸ்ட் அவே பீஸ்ஃபுல்லி.' சந்தோஷத்துக்கு இங்கிலீஷில் என்ன சொல்வார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம் வீட்டில் பூனை கொண்டுபோன வஞ்சிர மீனுக்கு நீயும் நானும் 'சாட் டிமைஸ்' சொல்லி, உன் அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறதா?

நம் வீட்டுப் பழக்கமே அப்படி ஆகிவிட்டது. உனக்குப் பிறகு பிறந்த தம்பி தொட்டிலிலேயே போனபோது, லேடி டாக்டர் உன் அம்மா காதில் விழாமல் இருக்கட்டும் என்று என்னிடம் இங்கிலீஷில்தான் சொன்னாள். பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. அதிலிருந்து கெட்ட சேதி எதுவானாலும் இந்த வீட்டில் இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டுதான் வரும். நீ மெட்ரிகுலேஷனில் கணக்கில் போனபோது வாசலிலிருந்தே 'அன்ஃபார்ச்சுனேட்லி' என்று ஆரம்பித்தாய். உள்ளே இருந்து உன் அம்மா, "இங்கிலீஷ் ஆரம்பிச்சாச்சா? இன்னா போச்சு இப்ப?" என்று கேட்டாள். அவளிடமிருந்து மறைப்பதற்காக நாம் பேசிய பாஷை அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. நாம் இரண்டு புத்திசாலிகளும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அம்மா பின்கட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வழக்கம்போல் வாசித்தேன். அங்கே ஆரஞ்சுப்பழம் மலிவு, கான்வென்ட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உன்னை மதராசி டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள், எல்லாம் வாசித்தேன். பிறகு இங்கிலீஷ் வந்தது. ஒரு வரி, இரண்டு வரி இல்லை. அந்தப் பக்கம் முழுவதும். 'ஃபீலிங் ப்ளூ.' 'எ டார்க் க்ளவுட் ஓவர் மீ.' கடைசியில், உன் மாமியார் கார்டு விஷயமாக எழுதியிருந்ததற்கு, 'ஐ ஆம் ரிசைன்ட். டூ ஆஸ் யூ திங்க் பெஸ்ட்.'

நான் நிறுத்தினேன். "இன்னாங்க, இங்கிலீஷ் வந்துடுச்சா?" என்றாள் உன் அம்மா, மீனிலிருந்து தலையைத் தூக்காமல். பள்ளிக்கூட விஷயம் என்று சொன்னேன். "பள்ளிக்கூட விஷயத்துக்கு ஒங்க தொண்ட ஏன் அடைக்குது?" என்றாள். அன்றைக்கு நெத்திலிக் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டாள். நானும் உப்பில்லை என்று சொல்லவில்லை.

ரிசைன்ட் எனக்குத் தெரியும், கார்டில் வரும். 'ப்ளூ'தான் பிடிபடவில்லை. எதிர்வீட்டு வெள்ளைத்துரை வாத்தியாரிடம், யாரோ ஒரு சிநேகிதர் எழுதியதுபோல் ஜாடையாகக் கேட்டேன். "வெள்ளைக்காரன் ஊர்ல துக்கத்துக்கு நீலக் கலர் அண்ணே. மேகம், மழை, இருட்டு, எல்லாம் அவனுக்கு மனசு சரியில்லன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொடுத்தார். நான் திரும்பும்போது, "ஆனா அண்ணே, எழுதினவங்க யாரோ மனசு ஒடிஞ்சு கெடக்கறாங்க. கிட்ட யாராச்சும் இருந்தா நல்லது" என்றார். ஜாடை என்று நான் நினைத்தது அவருக்கு ஜாடையாக இல்லைபோலும்.

அன்று சாயங்காலம் வேலைவிட்டு நேரே வீட்டுக்கு வராமல் கடற்கரைப் பக்கம் போனேன். கச்சேரி ரோடு முழுவதும் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். என்னைவிட்டு யாரோ எனக்கு முன்னால் நடந்து போவதுபோலவும், நான் அவன் பின்னாலேயே சும்மா போவதுபோலவும் இருந்தது. சாந்தோம் கோவில் கோபுரத்துக்குப் பின்னால் மேகம் கறுத்து, கடல்மேல் தாழ இறங்கியிருந்தது. எவ்வளவு அழகு தெரியுமா? மே மாதம் முழுவதும் இந்த ஊர் ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக் கெஞ்சுவது இதற்குத்தானே. இதன் கீழே நிற்பதையா வெள்ளைக்காரன் துக்கம் என்கிறான் என்று இருந்தது. நீலமும் அப்படித்தான். மாதாவின் முக்காடு நீலம். நீ பீடத்தண்டை முழந்தாளிட்டுப் புதுநன்மை வாங்கிய அன்றைக்கு உன் அம்மா உன் சடையில் கட்டிய ரிப்பன் நீலம். அந்தக் கலரை எடுத்து நீ உன் துக்கத்துக்குப் போர்த்தியிருக்கிறாய். அது உன்னுடைய துக்கம்தானா, அல்லது யாருடைய சட்டையோ உன்மேல் தொளதொளவென்று தொங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

மூடுபனி மாதிரி தூறல். தூரத்தில் ஒரு கட்டுமரம் தெரிந்தது. அதில் ஒருவன் நின்று துடுப்பு போடுகிறான். வருகிறானா போகிறானா என்று எவ்வளவு நேரம் பார்த்தும் சொல்லமுடியவில்லை. கரையில் வலை உதறிக்கொண்டிருந்த பொன்னுரங்கத்திடம் கேட்டேன். "இன்னா நைனா, கண்ணு தெரியல? எனக்கும்தான் தெரியல. கிட்ட வந்தா வர்றான், காணாம பூட்டா போறான்" என்றான். நின்று நின்று என் சட்டை நனைந்ததுதான் மிச்சம். இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டேன். அவன் எந்தப் பக்கம் போனான் என்று பார்க்கவில்லை.

இனி கார்டு விஷயம். உனக்குப் பாதி தெரியும். முழுவதும் சொல்கிறேன்.

கல்லறைத் திருநாளன்று நாங்கள் தம்பியின் குழிக்குப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரும்போது, கல்லறைத் தோட்டத்து வாசலில் உன் மாமியார் பியாட்ரிஸ் அம்மாள் நின்றிருந்தாள். கையில் ஏற்றாத மெழுகுவர்த்தி. எந்தக் குழியில் ஏற்றுவது என்று தெரியாமல் நிற்பதுபோல இருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டு, "சம்பந்தி, ஹென்றிக்கு ஒரு மெமரி கார்டு அடிக்கணும். போட்டோ நான் குடுக்கறேன்" என்றாள். சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த நாளாக அவனிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பட்டாள ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் போன பிள்ளை. சர்க்கார் தந்தியில் 'மிஸ்ஸிங்' என்றுதான் இருக்கிறது, அதற்கு மேல் சர்க்காருக்கும் தெரியாது. "லூயிசாவுக்கும் எழுதிட்டேன். அவ சரின்னா அடிச்சுடுங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். கார்டு கேட்டு வருகிறவர்களுக்குத் தலையாட்டியே பழகியவன் நான்.

அப்புறம்தான் உன் ரிசைன்ட் வந்தது, உங்களுக்கு நல்லதென்று பட்டதைச் செய்யுங்கள் என்ற வரியோடு. சரி என்று சொல்லிவிட்டாய் என்றுதானே அர்த்தம்? மறுநாள் மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு எழுத்துப்பெட்டி முன்னால் நின்றேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு தடங்கலும் இல்லை. 'இன் லவிங் மெமரி ஆஃப்' என்று கை தானாகக் கோர்த்துக்கொண்டே போயிற்று. 'ஹென்றி' என்ற பெயரும் மற்றப் பெயர்கள்போலவே வந்து உட்கார்ந்தது. 'டீப்லி ரிக்ரெட்டட்' என்றும் போட்டேன். யாரோ ஒரு துரையின் கார்டுபோல அழகாக இருந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று.

ஒரு ப்ரூஃப் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவிடம் காட்டாமல் இருக்க நினைத்தேன், ஆனால் என் சட்டையைத் துவைக்க எடுப்பவள் யார்? காட்டிவிட்டேன். அவளுக்கு எழுத்து தெரியாது. கறுப்புக் கரையை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தாள். மை இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது.

"யாருது?" என்றாள். ஹென்றியினுடையது என்றேன். "நம்ம பொண்ணு இன்னா எழுதியிருக்கா?" என்றாள். ரிசைன்ட் என்று எழுதியிருக்கிறாள் என்றேன். "அப்டின்னா?" தேவ சித்தத்துக்குக் கீழ்ப்படிகிறாளாம் என்றேன். "அவ தமிழ்ல எழுதினாளா?" என்றாள். இல்லை. "நீங்க இத்த தமிழ்ல போட்டீங்களா?" அதுவும் இல்லை. "ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல என் மருமவன சாவடிச்சிட்டு வந்து நிக்கிறீங்க. எங்க, தமிழ்ல ஒருவாட்டி போட்டுப் பாருங்க. முடிஞ்சா கொண்டாங்க, நானே கோவில்ல குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, விரலில் இருந்த மையை அடுப்புச் சாம்பலில் தேய்த்துக் கழுவினாள்.

லூயிசா, நான் போட்டுப் பார்த்தேன். அம்பி ஐயர் கடையில் தமிழ் எழுத்துக்குப் பஞ்சமில்லை. பெயரைக் கோர்த்தேன். ஹென்றி. அவ்வளவுதான். தமிழில் போட்டதும் அது கூப்பிடுகிறமாதிரி ஆகிவிட்டது. கூப்பிட்டவனிடம் 'நீ இறந்துபோனாய்' என்று எப்படிச் சொல்வது? 'ஹென்றி, சாப்பிட்டாயா', 'ஹென்றி, அந்தக் குடையை எடுத்துக்கொண்டு போ', இப்படித்தான் மனதில் வருகிறது. கல்யாணமான புதிதில் நம் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் குடையை மறந்துவிட்டுப் போவானே, அந்த முகம் வந்து நிற்கிறது. செத்தவர்களுக்குப் போடும் நித்திய இளைப்பாற்றி என்ற வார்த்தை பக்கத்திலேயே தயாராக இருந்தும் விரல் அந்தப் பெட்டிக்குப் போக மறுத்தது. இங்கிலீஷில் வராத அழுகை அங்கே வந்தது. அம்பி ஐயர் பார்த்துவிட்டு, "மழையில மை எல்லாம் ஊறிப்போறது, நாளைக்குப் பாத்துக்கலாம், ஆத்துக்குப் போங்காணும்" என்று அனுப்பிவிட்டார். எல்லா எழுத்தையும் கலைத்து அதன் அதன் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

நேற்று சாயங்காலம் ரோசரி மாதா கோவிலண்டை உன் மாமியார் வீட்டுக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், கடைசியில், "அம்மா, என்னால் அடிக்க முடியவில்லை. நீங்கள் நம்பிக்கையை விட்டுவிட்டாலும் நாங்கள் விடவில்லை" என்று பெரிய மனுஷன்போலச் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் என்னையே பார்த்தாள். "நானா வுட்டேன்?" என்றாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஹென்றியின் வேட்டி சட்டை வெளுத்து மடித்து அலமாரியில் இருக்கிறது. மாதா சுரூபத்தின் முன்னால் சனிக்கிழமை தவறாமல் அவன் பத்திரமாக வருவதற்கென்று ஏற்றும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "என் புள்ள சாவல சம்பந்தி. பெத்தவ எனக்குத் தெரியாதா? ஆனா லூயிசாவுக்கு வயசு இன்னா? என் நம்பிக்கைக்கு அவ ஏன் காவல் இருக்கணும்? ஊரு வாய் முதல்ல பழகட்டும். கார்டு ஒண்ணு வந்துட்டா, அப்புறம் பூச வெப்பாங்க, அப்புறம் ஆளுங்க அவள விதவன்னுவாங்க, அப்புறம் ஒரு நாளு யாராச்சும் வந்து பொண்ணு கேப்பாங்க. சர்க்காரு காகிதம் வர்றப்ப வரட்டும். நான் தனியா விளக்கேத்திக்கினு இருந்துக்கறேன்" என்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. தையல் டீச்சர் அல்லவா, எல்லாவற்றையும் அளந்து வெட்டி வைத்திருக்கிறாள்.

நான் அங்கே நாற்காலியில் எவ்வளவு சின்னவனாக உட்கார்ந்திருந்தேன் என்பதை எந்தப் பாஷையிலும் எழுதமுடியாது. காப்பி கொடுத்தாள். "சொல்லுங்க, ஒங்க பொண்ணுக்கு எது நல்லது?" என்று கேட்டாள். அவளையே கேட்போம் அம்மா என்றேன்.

ஆகையினால் கேட்கிறேன். கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்கு வா. இங்கே உன்னை யாரும் பரிதாபமாகப் பார்க்காதபடிக்கு உன் அம்மா வாசலிலேயே நிற்பாள், அவள் வாய்க்குப் பயந்து சாந்தோமே வேறு பக்கம் பார்க்கும். வரமுடியாவிட்டால் ஒரு கடிதம் எழுது. காத்திருக்கிறேன் என்று எழுது, இல்லை இனி முடியவில்லை அப்பா என்று எழுது. எதுவானாலும் தமிழில் எழுது. பிழை இருந்தால் பரவாயில்லை. அந்தப் பக்கத்தை உன் அம்மாவுக்கு நான் முழுவதும் வாசித்துக் காட்டவேண்டும்.

அரிசி ரேஷனில் நன்றாகவே வருகிறது, கவலைப்படாதே. பனிக்காலத்தில் காதுக்குத் துணி கட்டிக்கொண்டு பூசைக்குப் போ. தேவமாதா உன்னைத் தன் முக்காட்டின் கீழ் வைத்துக் காப்பாற்றட்டும். உன் பெயரையும் ஹென்றி பெயரையும் ஒன்றாகச் சொல்லித்தான் இங்கே இரண்டு பேரும் செபிக்கிறோம். நீ எப்படி எழுதினாலும் உன் பெயர் அந்தச் செபத்திலிருந்து போகாது.

உன் முடிவுக்கு நான் கோபித்துக்கொள்வேனோ என்று நினைக்காதே. அவளையே கேட்போம் என்று சம்பந்தியம்மாளிடம் சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு நொடி முன்னால், காப்பித் தம்ளர் கையில் இருக்கும்போது, 'சரி அம்மா, கார்டை அடித்துவிடுகிறேன்' என்ற சொல் நல்ல தமிழில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த விளக்கு என் கண்ணெதிரே எரிந்துகொண்டிருக்கும்போதே வந்தது. ஹென்றிமேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை, உன் வயதும் கண்ணில் நின்றது. அந்தச் சொல்லைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். உன் அம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
இக்னேஷியஸ்